யாரும் செய்யாத பொம்மை

ஜூன் 18

அன்புள்ள மேஸ்திரிக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். பிரிந்திருக்கிற கணவருக்கு அடுத்த சொல்லாக எதைப் போடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இஞ்சினியரை மேஸ்திரி என்று கூப்பிட்டதற்குக் கல்யாணமான புதிதில் சிரித்தீர்கள். அதையே போட்டுவிட்டேன்.

நலமா? மலையைக் குடைகிற சுரங்கத்துக்குள், தூசியில் இருமல் வருகிறதா? பதில் எழுத வேண்டுமென்ற கட்டாயமில்லை. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும், அதுவும் உங்கள் மலையில் சிக்னல் அறுந்து அறுந்து. பாதிச் சண்டையோடு தூங்குவதைவிட இது மேல்.

விஷயம் தொழில் சம்பந்தமானது. கல்லூரியில் மனநல ஆலோசகர் ஒருவரை வைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷி. ஆனால் அவர் அறைக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய். தண்ணீர் பிடிக்கப் போகிற பிள்ளையைக்கூட, "என்ன, உள்ள போயிட்டு வந்தியா?" என்று கேலி பேசுகிறார்கள். ஒருத்தரும் கதவைத் தட்டுவதில்லை. போன பருவத்தில் ஹாஸ்டலிலிருந்து ஒரு மாணவியை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள், படிப்பை விட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "ஓவியத்தை வச்சு ஏதாவது பண்ணுங்க மேடம், செலவு வேண்டாம்" என்றார்.

நான் நினைத்தது இதுதான். விருப்பமுள்ளவர்கள் தங்கள் பழைய உடையில் தங்கள் அளவுக்கே ஓர் உருவம் தைக்க வேண்டும். முகம் வெறும் வெள்ளைத் துணி. கல்லூரியில் எந்த இடத்தில் மனசு தாங்காமல் போனதோ, அங்கே அதைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பேர் போட வேண்டாம். போகிற வருகிறவர்கள் பக்கத்தில் உட்காரலாம், பேசலாம். செய்தவருக்குத் தோன்றினால் வந்து கலந்துகொள்ளலாம். தோன்றாவிட்டால் தூர நின்று கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: இந்த உருவங்கள் உட்கார மாட்டேன் என்கின்றன. சாய்ந்து சாய்ந்து விழுகின்றன. எலும்புக்கு என்ன வைக்கலாம்?

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியை


ஜூன் 27

அன்புள்ள கரிக்குருவிக்கு,

ஓவிய ஆசிரியை என்று கையெழுத்துப் போட்டால் நான் பயந்துவிடுவேனா? விரல் நுனியில் கரி இல்லாமல் நீ ஒரு நாளாவது சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததுண்டா?

முதுகுக்குக் கட்டுக்கம்பி. இரண்டு மடங்காக முறுக்கி, இடுப்பில் ஒரு வளையம் விட்டு, தொடை வரை இறக்கு. பிருஷ்டத்தில் கொஞ்சம் மணல் மூட்டை வை. எடை கீழே இருந்தால் விழாது. மனுஷனுக்கும் அப்படித்தான், எடை தலைக்கு ஏறினால்தான் சாய்வான். படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குப் படம் போட்டு அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

இருமல் இல்லை. மலைக்குள் வெகுதூரம் போய்விட்டோம். இயந்திரம் நின்றதும் ஓர் அமைதி வரும். கூடவே யாரோ நம் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது போலக் கேட்கும். பாறைக்குள் நீர் கசிகிற சத்தம்தான். தெரிந்தும் எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம்.

நீ உனக்கு ஒன்று செய்தாயா?

மேஸ்திரி


ஜூலை 9

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உங்கள் கம்பி வேலை செய்தது. இப்போது கல்லூரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தால் நீங்களே பயப்படுவீர்கள்.

நூலகத்தில் கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒன்று, முழங்காலைக் கட்டிக்கொண்டு. தேர்வுக்கூட வாசலில் ஒன்று, இஸ்திரி போட்ட சட்டையோடு. வகுப்பில் மேசைக்கு அடியில் ஒன்று இருந்திருக்கிறது. இயற்பியல் ஆசிரியர் விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தவர், சாக்பீஸை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். கேண்டீனில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்குப் பரிமாறுகிறவர் மறதியாகத் தண்ணீர் வைத்திருக்கிறார். வைத்த பிறகு எடுக்க மனசு வரவில்லையாம். மதிய வெயிலில் தாழ்வாரம் வெறிச்சென்று கிடக்கும்போது பார்த்தால், எல்லா முகமும் நம்மையே பார்க்கின்றன. கண்ணே இல்லாத முகம் எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள். பார்க்கின்றன.

ஆனால் பிள்ளைகள் பேசுகிறார்கள்! எனக்கு உதவியாக இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருக்கிறாள். வாய் ஓயாது, ரேடியோ என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவள் ஹாஸ்டல் குளியலறை வாசலில் இருந்த உருவத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நானும் குழாயத் தொறந்து விட்டுட்டுத்தான் அழுவேன், சத்தம் கேக்காம இருக்க" என்றிருக்கிறாள். பின்னாலிருந்து அவளுடைய அறைத்தோழி, "அது நான் செஞ்சதுடி" என்றாளாம். ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில். ஒருத்தி அழுதது ஒருத்திக்குத் தெரியாது. ஆலோசகர் அறைக்கு இப்போது ஆள் போகிறது. இருவர் மூவராகச் சேர்ந்து, சினிமாவுக்குப் போவது போலப் போகிறார்கள்.

ஒரு விசித்திரம். வைத்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக வருகிறது. மெயின் கட்டட மாடிப்படியின் அடியில், வெள்ளை லேப் கோட் போட்டது. சட்டைக்கை நுனிகளை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறது. கையே இல்லை. நாங்கள் யாருக்கும் லேப் கோட் கொடுக்கவில்லை. எவரைக் கேட்டாலும் "என்னுது இல்ல மேடம்." பிள்ளைகளுக்கு விளையாட்டு.

எனக்கு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. செய்தால் எங்கே வைப்பது? நம் வீட்டில், மொட்டை மாடிப்படியின் அடியில்தான் வைக்க வேண்டும். நீங்கள் சாயங்காலமானால் தண்ணீர்த் தொட்டி பார்க்கிறேன் என்று மேலே போவீர்கள். போனால் இருட்டிய பிறகும் வர மாட்டீர்கள். நான் கீழே நின்று கத்திக்கொண்டிருப்பேன். இதைச் சண்டைக்கு எழுதவில்லை. கேட்டதற்குப் பதில்.

ஓவிய ஆசிரியை


ஜூலை 17

அன்புள்ள கரிக்குருவிக்கு,

தொட்டி பற்றி வேறு சமயம் எழுதுகிறேன்.

அந்த லேப் கோட் உருவம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது? வாசலைப் பார்த்தா, படியைப் பார்த்தா? இப்போதும் அங்கேயேதான் இருக்கிறதா? எழுது.

மழை. வேலை பாதி நாள் நிற்கிறது.

மேஸ்திரி


ஜூலை 24

அன்புள்ள மேஸ்திரிக்கு,

ஊர்க் கதையெல்லாம் எழுதினால் ஒரு பொம்மை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் கேட்கிறீர்கள். சரி, கேளுங்கள்.

அது இப்போது அடியில் இல்லை. உங்களுக்குக் கடிதம் போட்ட இரண்டொரு நாளில் முதல் மாடித் திருப்பத்தில் இருந்தது. பிறகு இரண்டாம் மாடி, கழிவறைக்கு எதிரே. நேற்றைக்கு மூன்றாம் மாடி. எங்கே இருந்தாலும் நமக்கு முதுகைத்தான் காட்டுகிறது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறது. காவலாளி, "சாவி என் இடுப்புல இருக்கு மேடம், ராத்திரி ஒரு ஈ உள்ள போகாது" என்று சத்தியம் செய்கிறார். பகலில் யாரும் நகர்த்தியதைப் பார்த்தவர் இல்லை.

எடுத்து அறைக்குள் வைத்துவிடலாம் என்று நானும் ரேடியோவும் போனோம். தூக்க முடியவில்லை! ஆளுக்கொரு தோளைப் பிடித்தோம். பொம்மை மாதிரியே இல்லை, தூங்குகிற மனுஷனைத் தூக்குவது போல இருந்தது. ரேடியோ கையை உதறிவிட்டு, "மேடம், இது பொம்மை இல்ல" என்று கீழே ஓடிவிட்டாள். நானும் நடந்துதான் வந்தேன், ஆனால் வேகமாக நடந்தேன்.

அதிலிருந்து பிள்ளைகள் பேய்க்கதை கட்டிவிட்டார்கள். இறுதியாண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருப்பானாம். ஆசிரியர் பேர் கூப்பிடும்போது அவன் பேர் மட்டும் வராதாம். யாரிடமும் பேச மாட்டானாம். மணி அடித்ததும் எந்தப் பக்கம் போனான் என்று தெரியாதாம். "அவன்தான் மேடம் ஏத்துறான்" என்கிறார்கள். நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வகுப்பில் படம் வரைந்துகொண்டிருக்கும்போது, பின்வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

உங்கள் மழை நின்றதா? கம்பளிப் போர்வை போதுமா?

கரிக்குருவி


ஆகஸ்ட் 2

அன்புள்ள மேஸ்திரிக்கு,

பாதி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நீங்கள் அழைத்தபோது ஆசிரியர் அறையில் இருந்தேன். உங்கள் பேரைப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை. விடாமல் அடித்ததும் எரிச்சலோடு எடுத்தேன். நலமா என்றுகூடக் கேட்காமல், "உன் லெட்டர் இப்பத்தான் வந்துச்சு. அது இப்ப எந்த மாடியில இருக்கு?" என்றீர்கள்.

"நாலுல இருக்குன்னு காலைல சொன்னாங்க. ஏன்?"

"அது ஏறிக்கிட்டு இருக்கு. உனக்குப் புரியலையா? யாரோ தினம் கொஞ்சம் கொஞ்சமா மேல போறாங்க. நாலுக்கு மேல என்ன?"

"மொட்டை மாடி. அது எப்பவும் பூட்டியிருக்கும்."

"பூட்டு தொங்கறத நம்பாத. போய் இழுத்துப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

நான் ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேனோ. நாலாம் மாடித் திருப்பத்தில் அது உட்கார்ந்திருந்தது. முதல் முறையாகச் சுவரைப் பார்க்காமல், மேலே கதவைப் பார்த்து. நான் அதைத் தாண்டி ஏறி, பூட்டைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. கதவு தானாகத் திறந்து, வெளிச்சமும் காற்றும் அடித்தது. வெளியே யாரும் இல்லை. வெறும் தளம், தாழ்வான கைப்பிடிச் சுவர், ஒரு காக்கை. தொட்டி கழுவ வந்தவர்கள் எப்போதோ சரியாகப் பூட்டாமல் போயிருக்கிறார்கள்.

பின்னாலேயே வந்த ரேடியோவிடம், ஆலோசகரையும் வேறு பூட்டோடு காவலாளியையும் கூட்டிவரச் சொன்னேன். "சத்தம் போடாம வாங்க" என்றேன். கதவைச் சாத்தி, போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, பொம்மைக்கு ஒரு படி மேலே, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். செய்தவர் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. உடம்பெல்லாம் அந்தப் பார்வையை உணர்ந்தேன். சும்மா உட்கார முடியாமல், அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். என்னவோ, வாய்க்கு வந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழ்ப்படியிலிருந்து ஒரு குரல்.

"மேடம், நீங்க உக்காந்திருக்கிறது என் எடம்."

ஒல்லியாக ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். தோளில் பை. இவனை நான் பார்த்திருக்கிறேன். சில நாட்களுக்கு முன்னால் ஏதோ பெரிய மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இதே படிக்கட்டில் தடுமாறி வந்தான். ஓவிய வேலை என்று நினைத்து, நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "மெதுவாப்பா, தடுக்கப் போகுது" என்றுகூடச் சொன்னேன்.

"இதுக்குப் பக்கத்துல எடம் இருக்கு, உக்காரேன்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

உட்கார்ந்தான், பொம்மைக்கு அந்தப் பக்கம். நடுவில் அது.

"என்னை எல்லாரும் பேய்ங்கிறாங்க மேடம். தப்பில்ல. நான் இந்தக் காலேஜ்லயே இல்ல. போன வருஷமே பேர எடுத்துட்டாங்க, அரியர் ஜாஸ்தின்னு. வீட்ல சொல்லல. தினம் அம்மா கட்டிக் குடுக்கிற டிபன் பாக்ஸோட பஸ் ஏறி வருவேன். கிளாஸ்ல உக்காருவேன். லைப்ரரில உக்காருவேன். சாயங்காலம் போவேன். ஒருத்தர் கூடக் கேக்கல. வாத்தியார் பாத்தாலும் என் தோளுக்குப் பின்னால பாப்பாரு. இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"இத ஏன்பா இவ்வளவு கனமா செஞ்ச?"

"உள்ள என் புக்ஸ். என் எடைதான் மேடம். எடை மிஷின்ல நிறுத்துப் பாத்து வச்சேன்." பிறகு, வானிலை சொல்வது போலச் சொன்னான். "முதல்ல இது கீழ விழட்டும், யாராவது திரும்பிப் பாக்கறாங்களான்னு பாக்கலாம்னு."

"பாக்கலன்னா?"

அவன் பொம்மையின் கையில்லாத சட்டைக்கையை நீவிக்கொண்டிருந்தான்.

"நான் பாத்தேன்பா. இது கீழ இருந்தப்பவே பாத்தேன். ஒவ்வொரு மாடியா எங்க இருக்குன்னு எங்க வீட்டுக்காரருக்கு எழுதினேன். அவரு எங்கேயோ மலையில இருந்துக்கிட்டு இதப் பத்தி மட்டும்தான் கேட்டாரு" என்றேன்.

"என்னப் பத்தியா?" என்றான். அந்த முகத்தை என்னால் வரைய முடியாது.

அதற்குள் ஆலோசகர் வந்துவிட்டார். அவரும் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பொம்மையோடு சேர்த்து நால்வராக உட்கார்ந்திருந்தோம். எழுந்து போகும்போது அவன் ஆலோசகரின் கையைப் பிடித்திருந்தான், தெருவைக் கடக்கிற குழந்தை மாதிரி. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். தனியாக விடவில்லை.

கைப்பையில் போனைப் பார்த்தால் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. நீங்கள் அப்போதே வைத்திருப்பீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கூடவே இருந்த எனக்குத் தெரியாதது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கரிக்குருவி


ஆகஸ்ட் 10

அன்புள்ள கரிக்குருவிக்கு,

நான் வைக்கவில்லை.

இங்கே சிக்னலுக்காகச் சுரங்க வாய்க்கு மேலே உள்ள குன்றில் ஏறி நிற்க வேண்டும். காதில் போனை வைத்துக்கொண்டு, மழையில் நின்றேன். உன் மூச்சு வாங்குவதும், பூட்டு கையோடு வந்ததும், கதவு திறந்ததும் கேட்டது. அந்த நேரத்தில் நான் எதைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு பார்த்தால் உள்ளங்கையில் முள் கீறியிருந்தது.

பையன் வருவதற்கு முன்னால் நீ பொம்மையிடம் பேசியதும் கேட்டது. "வாய்க்கு வந்தது" என்று எழுதி, நீ விட்டுவிட்டது. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், முதுகக் காட்டிக்கிட்டு மாடிக்குப் போவாரு. என்னோட ஒரே கூரைக்குக் கீழ இருந்தா அவருக்கு மூச்சு முட்டும். நான் பேசற பேச்சு அப்படி. கடைசியில மலைக்குள்ளயே போயிட்டாரு" என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீ மூக்கை உறிஞ்சினாய்.

தொட்டி பற்றி வேறு சமயம் எழுதுகிறேன் என்றேன் அல்லவா. இப்போது எழுதுகிறேன்.

நான் தொட்டி பார்க்கப் போகவில்லை. கைப்பிடிச் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். தொட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்வேன், குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் கையை எடுத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கும். காரணம் என்று ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். வேலை நன்றாக நடந்தது, நீ நன்றாக இருந்தாய், யாரும் ஒரு குறை வைக்கவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் இவ்வளவு பாரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே விளங்காதபோது, உன்னிடம் என்னவென்று சொல்வது? முதல் நாள் படியின் அடியில் உட்கார்ந்தேன். பிறகுதான் மேலே மேலே போனேன். அதனால்தான் உன் பொம்மை ஏறுவது எனக்குத் தெரிந்தது.

கீழே நின்று நீ கத்துவாய். "சாப்பாடு ஆறுது, அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" எரிச்சலான குரல்தான். ஆனால் கூப்பிடுகிற குரல். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் இறங்கி வந்தேன். ஒரு நாள் நீ கூப்பிடவில்லை. அசதியில் தூங்கிவிட்டிருந்தாய். அன்றைக்கு நான் இறங்குவதற்கு ரொம்பச் சிரமப்பட்டேன். மறுநாளே அலுவலகத்தில் வேறு வேலை கேட்டேன். பாலம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், உயரமே இல்லாத வேலை எதுவானாலும் கொடுங்கள் என்றேன். சுரங்கம் கொடுத்தார்கள்.

உன்னை விட்டு ஓடவில்லை. உயரத்தை விட்டு ஓடினேன்.

மேஸ்திரி


ஆகஸ்ட் 19

மேஸ்திரிக்கு,

இரண்டு தடவை கிழிக்கப் போனேன். உங்கள் கடிதத்தை அல்ல, நான் எழுதிய பதிலை. கோபம் கோபமாக வந்தது. ஒரே ஒரு வாக்கியம். "எனக்கு மேலே போனால் பயமாக இருக்கிறது." இது போதாதா? நான் என்ன, குழாயடியில் போய்த் தண்டோரா போடுவேனா? என் பேச்சுத்தான் உங்களை விரட்டியது என்று நினைத்து, இத்தனை நாளும் கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகப் பேசிப் பழகியிருக்கிறேன். அம்மா வீட்டில் கேட்டால் "அவருக்கு என்னைப் பிடிக்கல" என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன்.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் நேற்று நடந்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பையனின் அப்பா வந்தார். பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து, காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். சிகிச்சை பற்றி மட்டுமே தெரிந்திருந்த அவரிடம், ஆலோசகர் அறையில் பையன் தானே எல்லாவற்றையும் சொன்னான். நான் சுவரோரம் நின்றேன். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. "நீ ஏறுற பஸ்ஸ நான்தானடா சில நாள் ஓட்டிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பொம்மை எங்கம்மா இருக்கு?" என்றார்.

அதை அங்கேயே விட்டிருந்தோம். பையனைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலே போனோம். அவர் அதன் வெள்ளைத் துணி முகத்தில் ஒட்டியிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். குனிந்து, ஒரு கையை அதன் முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கும் கொடுத்தார்.

காவலாளி, "சார், ரொம்பக் கனம், ரெண்டு பேரு பிடிக்கிறோம்" என்று ஓடிவந்தார்.

"வேண்டாம். என் பையன் எடைதானே" என்று தூக்கிவிட்டார்.

படி படியாக இறங்கினார். மூச்சு இரைத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார், ஆனால் கீழே வைக்கவில்லை. அதன் தலை அவர் தோளில் சாய்ந்து கிடந்தது, கையில்லாத சட்டைக்கை தொங்கி ஆடியது. வகுப்பு விட்ட நேரம். எல்லா மாடியிலும் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. ரேடியோ வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். பாருங்கள், மேஸ்திரி. பின்னால் பையன் உயிரோடு நடந்து வருகிறான். முன்னால் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார். நடந்திருக்கக்கூடிய ஒன்று, நடக்காமல், எங்கள் முன்னால் இறங்கிப் போனது.

வாசலில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வந்ததும் மகனைப் பார்த்துச் சொன்னார்:

"ரொம்பக் கனமா இருக்கேடா. இதையா நீ தனியா தூக்கிட்டு மேல போன?"

அப்போதுதான் அந்தப் பையன் அழுதான்.

உங்களை என்னால் தூக்க முடிந்திருக்காது. ஆனால் மாடிப்படியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கரிக்குருவி


ஆகஸ்ட் 30

அன்புள்ள கரிக்குருவிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் லாரியில் ஏறி, கீழே டவுனுக்குப் போனேன். அங்கே அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் ஒருவர் இருக்கிறார். சின்னப் பெண், நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. நான் கம்பி, கான்கிரீட் என்று சுற்றி வளைத்துப் பேசினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், தூக்கம் வருதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஊர் பார்க்க உட்கார்ந்து அழுதேன். வெளியே வரிசையில் இருந்த ஒருவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

மாத்திரை கொடுத்திருக்கிறாள். கொஞ்ச நாள் பிடிக்கும் என்றாள். சுரங்கம் நல்ல ஒளிவிடம்தான், ஆனால் வைத்தியம் இல்லை என்றும் சொன்னாள்.

"அடுத்த தடவை வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க. வீட்ல யார் இருக்காங்க?" என்று கேட்டாள். "மனைவி" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான், அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, காலையில் வரச் சொல்லியிருக்கிறாள். நீ வர வேண்டுமென்று கேட்கவில்லை. தேதியைத் தெரிவிக்கிறேன்.

மேஸ்திரி


செப்டம்பர் 6

அன்புள்ள மேஸ்திரிக்கு,

இதை நாலாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையன் சிகிச்சையில் இருக்கிறான். வேறு படிப்பில் சேர்வது பற்றி அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். இங்கே இப்போது ஒன்றும் இல்லை, வெறும் படி. ஆனாலும் ஏறி இறங்குகிற பிள்ளைகள் அந்த இடத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபம் முழுதும் போகவில்லை. மனைவியாக வருகிறேனா, வேறு என்னவாக வருகிறேன் என்று எனக்கே தெரியாது. அதை அந்த டாக்டர் கேட்டால், நீங்கள் பதில் சொல்லாதீர்கள், நான் சொல்லிக்கொள்கிறேன். நிறையப் பேசுவேன். குரல் உயர்ந்தாலும் உயரும். மெதுவாகப் பேசுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

பதினொன்றாம் தேதி சாயங்கால பஸ். பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், வழி கேட்டு வந்துவிடுவேன் என்று எழுதினேன். எழுதியதை அடித்திருக்கிறேன், மேலே பாருங்கள்.

வந்து நில்லுங்கள்.

கரிக்குருவி